எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே நம்பர்



போன வாரப் பதிவில், "போன் பழுதானால் கடைக்குப் போகும் முன் மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு போங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். "அதை எங்கே சார் பார்ப்பது?" என்று எட்டுப் பத்துப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒருவன் மட்டும் (1989 செட், எட்டாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். யாரென்று அவனுக்கே தெரியும்) "நீங்க எப்ப சார் கம்ப்யூட்டர் வாத்தியார் ஆனீங்க?" என்று கேட்டிருக்கிறான். ஆகவில்லை தம்பி. நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். இந்த விஷயத்தைத் தனியாக 349 டாலர் ஃபீஸ் கட்டிக் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையை எட்டு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். பதிவு நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

2017. நான் ஓய்வு பெற்ற மறு வருஷம். மகளின் பிரசவத்துக்காக நானும் வீட்டம்மாவும் மெல்போர்ன் போயிருந்தோம். ஒரு நாள் பகல், மருமகன் வேலைக்குப் போயிருந்தார். மகளும் அவள் அம்மாவும் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும்தான். லேண்ட்லைன் அடித்தது.

பேசியவன் நம் நாட்டுக்காரன். பேசியது இங்கிலீஷ்தான், ஆனால் நம்மவர் இங்கிலீஷ். "சார்" என்று கூப்பிட்டான். அந்த ஊரில் சின்னப் பிள்ளைகூட நம்மைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். பல மாதம் கழித்து ஒரு 'சார்' கேட்டதும் எனக்கு மனசு இளகிவிட்டது. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து எங்கள் சர்வருக்கு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது, வைரஸ் புகுந்துவிட்டது என்றான். நான் ஒன்றும் ஏமாளி இல்லை என்ற நினைப்பில், "அது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி சார்" என்றான். நான் வகுப்பில் சொல்வது போலவே சொன்னான்.

கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னான். கருப்பாக ஒரு கட்டம் வர வைத்தான். அதில் ஏ, எஸ், எஸ், ஓ, சி என்று ஐந்து எழுத்தை அடிக்கச் சொன்னான். அசோக் மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். திரை நிறைய வரிகள் ஓடி நின்றன. "கடைசிப் பக்கம் ஒரு நீண்ட நம்பர் தெரிகிறதா சார்? அதுதான் உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் கொடுத்த அடையாள எண். நான் இங்கிருந்து படிக்கிறேன், சரிபாருங்கள்" என்றான். 888 என்று தொடங்கி, டி, சி, ஏ, 60 என்று போய், 062 என்று முடிந்தது. எழுத்தும் எண்ணுமாக 32. நான் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். என் வேலையே அப்படிப்பட்டது. இருப்புப் பதிவேட்டில் எண் சரியாக இருந்தால் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். 2011-ல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பிடித்து, அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை நான் படிக்க, தலைமையாசிரியர் எழுத, பிள்ளை கையெழுத்துப் போடும். எண் பொய் சொல்லாது என்று முப்பது வருஷத்துக்கு மேல் பழகியவனிடம் ஒருவன் எண்ணைச் சொன்னால் என்ன ஆகும்?

பிறகு இன்னொரு பட்டியலைத் திறக்க வைத்தான். மஞ்சளும் சிவப்புமாக நூற்றுக்கணக்கில் எச்சரிக்கைக் குறிகள். எல்லாம் வைரஸ் என்றான். ஏதோ ஒன்றை இறக்கச் சொன்னான், இறக்கினேன். எலிக்குறி தானாக ஓட ஆரம்பித்தது. 349 டாலர் கட்டினால் மூன்று வருஷத்துக்குப் பாதுகாப்பு என்றான். மளிகை வாங்குவதற்காக மகள் ஒரு கார்டு கொடுத்து, அடுப்படி டப்பாவில் வைத்திருந்தாள். அதை எடுத்துப் படித்துச் சொன்னேன்.

சாயங்காலம் மருமகன் வந்து திரையை ஒரு பார்வை பார்த்தார். இணைய வயரைப் பிடுங்கினார், வங்கிக்குப் போன் போட்டுக் கார்டை நிறுத்தினார். "போனது போகட்டும் மாமா" என்றார். பணம் திரும்பவில்லை. மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் டப்பாவில் கார்டுக்குப் பதில் ஒரு 50 டாலர் நோட்டு இருந்தது. புதுக் கார்டு வந்த பிறகும், நாங்கள் ஊர் திரும்பும் வரை, அதில் நோட்டுதான் இருந்தது.

பழக்க தோஷத்தால் அந்த 32 எழுத்தையும் அன்றே டைரியில் குறித்து வைத்திருந்தேன். ஊருக்கு வந்ததும், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவன் ஒருவனிடம் டைரியை நீட்டினேன். அவன் சிரிக்கவில்லை, அதற்கு இன்றும் நன்றி. தன் கம்ப்யூட்டரில் அதே ஐந்து எழுத்தை அடித்துத் திரையை என் பக்கம் திருப்பினான். 888, டி, சி, ஏ, 60. பக்கத்து மேசையில் யாரோ பழுதுக்குக் கொடுத்திருந்த லேப்டாப்பிலும் அடித்தான். அதே எண். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொன்றிலும் அதே எண்.

"சார், இது விண்டோஸ் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கும். ஃபைலைச் சுருக்கி ஜிப் பண்ணி அனுப்புற வசதிக்கு உள்ளே வைத்திருக்கிற பெயர். உங்க மிஷினோட நம்பர் இல்லை" என்றான்.

நம் ஊரில் எத்தனை வீடு இருந்தாலும் பின்கோடு ஒன்றுதானே? அவன் எனக்குப் பின்கோடைச் சொல்லிவிட்டு, உன் வீட்டுக் கதவு எண் எனக்குத் தெரியும் என்று நம்ப வைத்திருக்கிறான். அந்த மஞ்சள் சிவப்புப் பட்டியலும் அப்படித்தான். விண்டோஸ் என்.டி. என்ற பதிப்பில் 1993-லேயே வந்த நிகழ்வுப் பதிவேடு அது. பழுது பார்ப்பவர்கள் படிப்பதற்காகக் கருவி தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. ஆரோக்கியமான கம்ப்யூட்டரிலும் அதில் நூறு தும்மல் எழுதியிருக்கும். பழுதைக் கண்டுபிடிக்க வைத்த இரண்டு வசதிகளையும் கொண்டே என்னை ஏமாற்றியிருக்கிறான்.

அப்படியானால் என் கம்ப்யூட்டரின் உண்மையான பெயர் எங்கே இருக்கிறது? அன்றைக்குக் கேட்க ஆரம்பித்த கேள்வி. அந்த மாணவன் கடையில் டீ குடித்துக் குடித்துத் தெரிந்துகொண்டதும், பிறகு தேடிப் படித்ததும்தான் கீழே வருவது.

நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரேடியோ பாடவில்லை என்றால், பின்பக்க அட்டையைக் கழற்றினால் போதும். மாடல் எண் அங்கே இருக்கும். எந்த வால்வு எந்த இடம் என்று படமும் பல செட்டுகளில் ஒட்டியிருக்கும். பெயர் வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. கம்ப்யூட்டர் வந்ததும் கதை தலைகீழாகிவிட்டது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதற்குத் தன்னிடம் எவ்வளவு நினைவகம் இருக்கிறது, எத்தனை பிளாப்பி டிரைவ் இருக்கிறது என்று தெரியாது! மூடியைத் திறந்து, மதர்போர்டில் இருக்கும் எட்டெட்டுக் குட்டி ஸ்விட்சுகள் கொண்ட இரண்டு கட்டைகளில், மேலே கீழே என்று தள்ளி நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். பேனா முனையால் தள்ளுவார்களாம். கருவியைப் பற்றிக் கருவிக்கே மனிதன் சொல்லிக்கொடுத்த காலம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதன் அப்பா பெயரைச் சொல்லிக்கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்புகிற மாதிரி.

ஸ்விட்சைத் தப்பாகத் தள்ளிவிட்டால் போச்சு. கரண்ட் கொடுத்ததும் அது தன்னைத் தானே சோதித்துப் பார்க்கும். எல்லாம் சரி என்றால் ஒரு சின்ன 'பீப்'. இல்லையென்றால் திரையில் ஓர் எண் மட்டும் வரும். 201 என்றால் நினைவகத்தில் கோளாறு, 301 என்றால் கீபோர்டு. 1984-ல் வந்த அடுத்த மாடலில் ஸ்விட்சு வேலையில் பெரும்பகுதியை, பேட்டரியால் உயிர் வைத்திருக்கும் ஒரு சிறு நினைவகத்துக்கு மாற்றினார்கள். அதில் 161 வந்தால் அந்தப் பேட்டரி தீர்ந்துவிட்டது. மறதிக்காரக் கிழவன் மாதிரி, தேதியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பெரிய திருப்பம் 1993-ல். இன்டெல் நிறுவனம் பென்டியம் சில்லில் ஒரு கட்டளையை வைத்தது. "நீ யார்?" என்று அந்தக் கட்டளையால் கேட்டால் சில்லே பதில் சொல்லும். ஆங்கிலத்தில் 12 எழுத்து: "ஜெனுயின்இன்டெல்". அதாவது அசல் இன்டெல். போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யின் சில்லைக் கேட்டால் அதுவும் அதே 12 எழுத்தில் "ஆதென்டிக்ஏஎம்டி" என்று சொல்லும். ஒருவன் அசல் என்றால் மற்றவன் மெய்யான என்கிறான். திருநெல்வேலி அல்வாக் கடை போர்டுகள்தான் ஞாபகம் வந்தன எனக்கு.

அதே காலத்தில் கம்ப்யூட்டருக்குள் செருகும் அட்டைகளுக்கும் பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எண், ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். இன்டெல் தனக்கு எடுத்துக்கொண்டது 8086. 1978-ல் அவர்கள் கொண்டுவந்த சில்லின் பெயர் அது. நம் ஆட்கள் வண்டிக்கு ஃபேன்ஸி நம்பர் வாங்குகிற மாதிரிதான். 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 இந்த எண்களைக் கேட்டு வாங்கி, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் காட்டியது. டிவைஸ் மேனேஜர் என்று பெயர். எது சரியாக வேலை செய்யவில்லையோ அதன் மேல் மஞ்சளாக ஓர் ஆச்சரியக்குறி. அதற்குப் பிறகு மூடியைக் கழற்றாமலே பாதி நோயைச் சொல்ல முடிந்தது.

ஆனால் கேட்டதும் எப்போதும் ஒழுங்காகப் பதில் வந்துவிடாது. 1998 ஏப்ரலில் சிகாகோவில் ஒரு கண்காட்சி. பில் கேட்ஸ் மேடையில் நிற்கிறார். விண்டோஸ் 98-ல் ஒரு ஸ்கேனரைச் செருகினால் கம்ப்யூட்டர் தானே அதை அடையாளம் கண்டுகொள்ளும் என்று காட்ட, அவருடைய உதவியாளர் செருகுகிறார். கூட்டம் முழுக்கப் பார்க்க, திரை நீலமாகி எல்லாம் நின்றுபோனது. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் வாய்ப்பாடு மறந்துபோகும் பிள்ளைகள் எனக்கும் இருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே கணித்துச் சொல்லும் ஏற்பாடு ஒன்று 1990-களிலேயே வந்துவிட்டது. ஸ்மார்ட் என்பார்கள். கூகுள் நிறுவனத்தார் தங்களிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செத்துப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலையை விட்டுவிட்டுப் பார்த்தால், எந்த முன்னறிகுறியும் காட்டவில்லை. ஆகவே "டிஸ்க் நல்லா இருக்குன்னு காட்டுது" என்று யாராவது சொன்னாலும், பேரப்பிள்ளைகளின் போட்டோக்களை இன்னொரு இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி தன் பெயரைச் சொல்லக் கற்றுக்கொண்ட பிறகு, யாரிடம் சொல்வது என்ற தகராறு வந்தது. நான் அகப்பட்டதும் இந்த இடத்தில்தான். 1999-ல் இன்டெல் தன் பென்டியம் 3 சில்லில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சீரியல் எண்ணைப் பதித்தது. கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள் எதுவும் அதைப் படிக்கலாம். அமெரிக்காவில் பெரிய எதிர்ப்பு: நான் எந்தக் கடையில் என்ன வாங்குகிறேன் என்று இந்த எண்ணை வைத்தே பின்தொடர்வார்களே என்று. பொருளைப் புறக்கணியுங்கள் என்று அமைப்புகள் கிளம்பின. அடுத்து வந்த சில்லுகளில் இன்டெல் அதை விட்டுவிட்டது. போன்களிலும் இதே கதை. ஐபோனின் தனி அடையாள எண்ணைப் படிக்கும் செயலிகளை 2013 மே மாதத்திலிருந்து ஆப்பிள் ஏற்கவில்லை. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்து, சாதாரணச் செயலிகள் போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பார்க்க முடியாது. சொந்தக்காரன் கேட்டால் சொல், ஊரார் கேட்டால் சொல்லாதே என்று கருவிக்குப் பழக்கினார்கள். 2017-ல் எனக்கு அதைப் பழக்க யாரும் இல்லை.

இந்த ஐ.எம்.இ.ஐ.தான் போனின் உண்மையான கதவு எண். இப்போதே உங்கள் போனில் *#06# அடியுங்கள். 'கால்' பட்டனை அழுத்தவே வேண்டாம், 15 இலக்கம் வந்து நிற்கும். இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு எண். சிம் கார்டு ஆளுக்குரியது, இந்த எண் கருவிக்குரியது. முதல் 8 இலக்கம் எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று சொல்லும். அடுத்த 6, அந்த மாடலில் இது எத்தனையாவது என்கிற வரிசை எண். கடைசி ஒன்று மட்டும் எதையும் குறிக்காது. அது கணக்கு வாத்தியார்! மற்ற 14-ம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதிக்க உட்கார்ந்திருக்கிறது.

எடுத்துக்காட்டுக்காக எல்லோரும் பயன்படுத்தும் ஓர் எண்ணையே போடுகிறேன்: 490154203237518. நோட்டை எடுங்கள். இடமிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று ஒன்றுவிட்டு ஒன்றை 14-வது இலக்கம் வரை இரட்டியுங்கள். 9, 1, 4, 0, 2, 7, 1 ஆகியவை 18, 2, 8, 0, 4, 14, 2 ஆகும். ஈரிலக்கம் வந்தால் அதைக் கூட்டி ஓரிலக்கம் ஆக்குங்கள்: 18 என்பது 9, 14 என்பது 5. இப்போது மொத்தம் 30. மீதி இருக்கும் 4, 0, 5, 2, 3, 3, 5 கூட்டினால் 22. இரண்டும் சேர்ந்து 52. கடைசி இலக்கம் 8-ஐச் சேர்த்தால் 60. பத்தால் மீதியின்றி வகுபட்டால் எண் சரி. ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினாலும் வகுபடாது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றினாலும், 0-வும் 9-ம் தவிர, மாட்டிக்கொள்ளும். ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1954-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1960-ல் கிடைத்தது. அவர் செய்தது கம்ப்யூட்டர் புரோகிராம்கூட இல்லை. கையில் பிடித்துச் சுழற்றிப் பார்க்கும் ஓர் இயந்திரம். இன்றைக்கு உங்கள் ஏ.டி.எம். கார்டு எண்ணின் கடைசி இலக்கமும் இதே கணக்குத்தான். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள் எல்லாம் போட்டுப் பாருங்கள்.

நம் நாட்டில் இந்த எண்ணுக்கு மரியாதை வரக் கொஞ்ச காலம் ஆனது. ஒரு சமயம் கடைத்தெருவில் விற்ற மலிவு போன்கள் பலவற்றில் இந்த எண்ணே கிடையாது, அல்லது வெறும் பூஜ்யமாக இருக்கும். 2009 டிசம்பரிலிருந்து அப்படிப்பட்ட போன்களின் அழைப்புகளை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவிட்டது. எண்ணை மாற்றி எழுதுவது இப்போது மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். 2023 மே மாதம் சஞ்சார் சாத்தி என்ற இணையதளம் நாடு முழுவதற்கும் வந்தது. போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, அதில் இந்த எண்ணைப் பதிந்தால் எந்த சிம் போட்டாலும் அந்த போன் வேலை செய்யாமல் முடக்கலாம். பழைய போன் வாங்குகிறீர்களா? கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, 15 இலக்கத்தையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அது எந்த மாடல், முடக்கப்பட்டதா என்று பதில் வரும். கையில் இருக்கும் போனும் பதிலில் வரும் மாடலும் வேறாக இருந்தால், காசு கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். போனில் செட்டிங்ஸ் போய்க் கடைசி வரை இறக்கினால் 'அபவுட் போன்' இருக்கும். மாடலும் ஆண்ட்ராய்டு பதிப்பும் அங்கே. ஆண்ட்ராய்டு போன் பலவற்றில் *#*#4636#*#* அடித்தால் சிக்னல் விவரம்கூட வரும். பழைய பட்டன் போனில் 4636 என்ற எண்களுக்கு மேல் உள்ள எழுத்தைப் பாருங்கள், ஆங்கிலத்தில் 'இன்ஃபோ' என்று வரும்! விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால், விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எம், எஸ், பிறகு இன்ஃபோ, பிறகு 32 என்று இடைவெளி இல்லாமல் அடியுங்கள். மாடல், சில்லு, நினைவகம் எல்லாம் ஒரே பக்கத்தில். அடியில் ஒட்டிய காகிதம் தேய்ந்துபோனாலும் பரவாயில்லை. சீரியல் எண் மதர்போர்டுக்குள்ளும் பெரும்பாலும் பதிந்திருக்கும், கடைக்காரப் பிள்ளை எடுத்துக் கொடுப்பான். கடைக்குக் கொடுக்கும் முன் நினைவகம் எத்தனை ஜிபி என்று குறித்துக்கொள்ளுங்கள், வாங்கும்போது கடையிலேயே ஒருமுறை திறந்து பாருங்கள். யார் மேலும் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. இருப்புப் பதிவேடு எழுதியவன் புத்தி அப்படி.

வீட்டில் 80 பக்க நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன். குடும்பத்தில் எல்லோருடைய போன், லேப்டாப் எண்ணும் வாங்கிய தேதியும் அதில். போன வருஷம் மகள் இங்கே வந்திருந்தபோது அவள் போனையும் வாங்கி எழுதினேன். "எதுக்குப்பா?" என்றாள். சும்மாதான் என்றேன்.

இரண்டு மாதம் முன்னால் ஒரு ராத்திரி மருமகன் போனிலிருந்து கூப்பிட்டாள். டிராமில் போனைத் தவறவிட்டுவிட்டாள். பெட்டியையும் பில்லையும் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்களாம். "அப்பா, அந்த நோட்டுல என் நம்பர் இருக்கா?"

படித்துச் சொன்னேன். அவள் தொலைபேசி நிறுவனத்தின் படிவத்தில் ஏற்றினாள். தவறான எண் என்று வந்தது. இன்னொருமுறை படித்தேன், மறுபடியும் அதேதான். "பரவாயில்லப்பா, விடுங்க" என்றாள். இரண்டு நிமிஷம் லைனிலேயே இரு என்று சொல்லிவிட்டு, நோட்டின் ஓரத்திலேயே இரட்டித்துக் கூட்டிப் பார்த்தேன். 71 வந்தது. ஒன்று கூடுதல். நான் 8 என்று படித்த ஓர் இலக்கத்தை இரட்டித்து 16, அது 7 என்று போட்டிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு விளக்குக்கு நேராகப் பிடித்தேன். அது 8 இல்லை, 3. அவசரத்தில் வளைத்து மூடிவிட்டிருக்கிறேன். 3-ம் 8-ம் ஒன்றுபோல எழுதியதற்காக உங்களில் எத்தனை பேரை முட்டி போட வைத்திருக்கிறேன்!

3 என்றால் இரட்டித்து 6. மொத்தம் 70. எண்ணைத் திரும்ப, நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

"ஏத்துக்கிச்சுப்பா" என்றாள்.